ஐந்து ஸ்டார், மூன்று ஸ்டார்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரெக்ரூட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் டாலஸ் பக்கம் இருக்கிறோம். என் மூத்தவன் பள்ளி அணியில் நான்கு வருடம் அஃபென்சிவ் லைனில், அதாவது பந்து வைத்திருக்கும் பக்கத்தின் தடுப்பு முன்வரிசையில் ஆடினான். வெள்ளிக்கிழமை இரவு ஸ்டேடியத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ஃபுட்பால் என்று இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க ஃபுட்பால்தான். பள்ளியில் ஆடும் பையன்களைக் கல்லூரி அணிகள் தேடி எடுப்பதுதான் ரெக்ரூட்டிங், அந்தப் பையன்களுக்குப் போடும் தர மதிப்பீடுதான் ஸ்டார்.

"அக்கா, ஸ்டார் ஸ்டார்னு சொல்றாங்களே, அதைக் குடுக்கிறது யாரு? காலேஜா?"

காலேஜ் இல்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வும் இல்லை. ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், ஆன்3, இ.எஸ்.பி.என். போன்ற தனியார் நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன. அங்கே வேலை செய்பவர்கள் நாடு முழுக்கப் பள்ளி ஆட்டங்களையும் வீடியோக்களையும் பார்த்து, ஒவ்வொரு பையனுக்கும் ஒரு எண் போடுகிறார்கள். அந்த எண் எந்த வரம்பில் விழுகிறதோ அதற்கேற்ற ஸ்டார் கிடைக்கும்.

இவற்றைக் காசு கொடுத்துப் படிப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி அணிகளின் ரசிகர்கள். அடுத்த வருடம் தங்கள் அணிக்கு யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு அவ்வளவு ஆவல். கோச்சுகள் தங்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், அதை ‘போர்டு’ என்பார்கள். வெளியே காட்ட மாட்டார்கள். ஸ்காலர்ஷிப் கிடைப்பது அந்தப் போர்டிலிருந்துதான். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"அஞ்சு ஸ்டாருக்கும் மூணு ஸ்டாருக்கும் என்ன கணக்கு?"

நிறுவனத்துக்கு நிறுவனம் அளவுகோல் மாறும். இ.எஸ்.பி.என். நூற்றுக்குப் போடுகிறது: 90க்கு மேல் ஐந்து ஸ்டார், 80களில் நான்கு, 70களில் மூன்று. ரைவல்ஸ் நெடுங்காலம் வைத்திருந்த அளவில் 6.1 என்றால் ஐந்து ஸ்டார், 5.8 முதல் 6.0 வரை நான்கு, 5.5 முதல் 5.7 வரை மூன்று.

247ஸ்போர்ட்ஸ் ஒரு வருட வகுப்பில் (ஒரே வருடம் கல்லூரிக்குப் போகும் பையன்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ‘வகுப்பு’) ஏறக்குறைய 32 பேருக்கு மட்டுமே ஐந்து ஸ்டார் தருகிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். அந்த அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி டிராஃப்ட். வருடாவருடம் நடக்கும் அதன் முதல் சுற்றில் 32 இடங்கள். ‘மூன்று, நான்கு வருடம் கழித்து முதல் சுற்றில் போகக்கூடியவன்’ என்று அவர்கள் நினைப்பவனுக்கு ஐந்து ஸ்டார். நான்கு ஸ்டார் என்றால் டிராஃப்ட்டில் எங்காவது ஓர் இடம் பிடிப்பான் என்ற எதிர்பார்ப்பு. மூன்று ஸ்டார் என்றால் கல்லூரியில் நன்றாக ஆடக்கூடியவன். நம்மவர்கள் பலர் மூன்று ஸ்டாரைச் சுமார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய பத்து லட்சம் பையன்கள் பள்ளி ஃபுட்பால் ஆடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு ஸ்டார்கூடக் கிடையாது. மூன்று ஸ்டார் வாங்குவது பெரிய விஷயம்.

"இந்தப் பழக்கம் எப்போ ஆரம்பிச்சது?"

இணையத்துக்கு வெகு முன்பே. சிகாகோவைச் சேர்ந்த டாம் லெமிங் 1970களின் இறுதியிலிருந்து ஊர் ஊராகக் கார் ஓட்டிப் போய், பள்ளி ஆட்டக்காரர்களை நேரில் பார்த்து, அச்சடித்த இதழாக வெளியிட்டார். 1980களில் இப்படிப் பல தனிமனிதர்கள் செய்திமடல் நடத்தினார்கள். நிமிடத்துக்குக் கட்டணம் வாங்கும் தொலைபேசி எண்களில் ரசிகர்கள் கூப்பிட்டுச் செய்தி கேட்ட காலமும் இருந்தது.

1998-இல் ரைவல்ஸ் வந்தது. ஐந்து ஸ்டார் முறை வீட்டுக்கு வீடு பழகிப்போனது அதற்குப் பிறகுதான். 2007-இல் அதை யாஹூ வாங்கியது. ரைவல்ஸை நடத்திவந்த ஷானன் டெர்ரி வெளியேறி 2010-இல் 247ஸ்போர்ட்ஸைத் தொடங்கினார். 2015-இல் அது சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்தின் கைக்குப் போனது. அவரே 2021-இல் ஆன்3-ஐத் தொடங்கினார், 2025-இல் ஆன்3 பழைய ரைவல்ஸையே வாங்கிவிட்டது. ஸ்கவுட் என்று இன்னொன்று இருந்தது, 2017-இல் 247 அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தனித்தனிக் குரல்கள் என்று நாம் நினைப்பவற்றில் பல ஒரே பள்ளியில் படித்து வந்தவை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

"பையன் எந்த கிளாஸ் படிக்கும்போது ரேட்டிங் வரும்? வந்தா மாறுமா?"

திறமை வெளிப்படையாகத் தெரிபவர்களுக்கு ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே பெயர் வந்துவிடும். பெரும்பாலோருக்குப் பதினொன்றாம் வகுப்பு ஆட்டப் பருவம் முடிந்த பிறகுதான் முதல் எண் வருகிறது. அதன்பின் வசந்தத்திலும் கோடையிலும் பையன்கள் திறமையைக் காட்டும் கேம்ப்கள், இலையுதிர்காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஆட்டங்கள், ஜனவரியில் சான் அன்டோனியோ போன்ற ஊர்களில், தேர்ந்தெடுத்த சிறந்த பையன்களை மட்டும் வைத்து நடக்கும் ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பட்டியலைத் திருத்துவார்கள். கடைசிப் பட்டியல் வந்ததும் அந்த வகுப்பின் கணக்கு முடிந்தது.

‘இந்தக் கல்லூரிக்குத்தான் போகிறேன்’ என்று பையன்கள் கையெழுத்துப் போடும் நாளும் முன்னே வந்துவிட்டது. முன்பெல்லாம் பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் திருவிழா. 2017 டிசம்பரில் முன்கூட்டியே கையெழுத்திடும் வாய்ப்பு வந்ததிலிருந்து பெரும்பாலோர் டிசம்பரிலேயே முடித்துவிடுகிறார்கள். 1964 முதல் இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற கடிதமுறையும் 2024-இல் கைவிடப்பட்டது. இப்போது கல்லூரியோடு போடும் உதவித்தொகை ஒப்பந்தம்தான் கையெழுத்து. ஆகவே ஜனவரியில் ஒரு பையன் நான்கு ஸ்டாராக உயர்ந்தால், அவனை எந்தக் கல்லூரி எடுக்கும் என்பது ஏற்கனவே முடிவாகியிருக்கும்.

"வீடியோல அப்படி என்னதான் பாக்குறாங்க? டச்டவுன் எண்ணுவாங்களா?"

டச்டவுன் என்பது பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது. அதை எண்ண மாட்டார்கள். முழு ஆட்ட வீடியோவில் அவர்கள் தேடுவது உடம்பு நகரும் விதத்தை. இடுப்பு எவ்வளவு எளிதாகத் திரும்புகிறது, ஓட்டத்தை நிறுத்தி எதிர்த்திசையில் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறான், எதிராளியை முட்டும்போது முழங்கால் மடிகிறதா இல்லை இடுப்பு மடிகிறதா, பந்து எதிர்ப்பக்கம் போய்விட்டபோது நின்று வேடிக்கை பார்க்கிறானா, துரத்துகிறானா. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்றால் காலடி, பந்து கையை விட்டுக் கிளம்பும் வேகம், ஒருவன் மேலே பாயும்போதும் கண் தூரத்தில் இருக்கிறதா என்பது.

அடுத்தது உடற்கட்டு. உயரம், எடையோடு கை நீளம், உள்ளங்கை அகலம், தோள், கணுக்கால் எல்லாம் பார்ப்பார்கள். இப்போது 220 பவுண்டு இருக்கும் பையன் மூன்று வருடத்தில் 270 பவுண்டைத் தாங்குவானா என்ற ஊகம் அதில் இருக்கிறது. பெற்றோர் வரும்போது அப்பா அம்மா உயரத்தைக் கண்ணால் அளக்கும் கோச்சுகளை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மற்ற விளையாட்டுகள். தடகளத்தில் 100 மீட்டர் நேரம், குண்டு எறிந்த தூரம் இவையெல்லாம் அதிகாரப்பூர்வமாகப் பதிவானவை, பொய் சொல்ல முடியாது. கூடைப்பந்து ஆடும் லைன்மேனின் கால்கள் எவ்வளவு லேசானவை என்பது அந்த மரத்தரையில் தெரிந்துவிடும். கடந்த சில வருடங்களில் மதிப்பீட்டாளர்கள் இதற்குத் தரும் எடை கூடிக்கொண்டே வருகிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆகவே ‘ஃபுட்பாலில் கவனம் சிதறும்’ என்று மற்ற விளையாட்டை நிறுத்தும் பெற்றோர் ஒரு முறை யோசிக்க வேண்டும்.

"பக்கத்து வீட்டுப் பையன் 40 கெஜம் 4.4 செகண்ட்ல ஓடுறானாம். நிஜமா?"

யார் நேரம் எடுத்தார்கள் என்று கேளுங்கள். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து அழுத்தினால், லேசர் கருவி காட்டுவதைவிட ஏறக்குறைய 0.2 செகண்ட் குறைவாக வரும். அவன் கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதானே விரல் அழுத்துகிறது? 0.2 செகண்ட் என்பது இந்த ஓட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லேசரில் 4.4 ஓடும் பள்ளிப் பையன்கள் மிகச் சிலரே. உயரத்திலும் இதே கதை: பள்ளி அணிப் பட்டியலில் ஆறடி மூன்று அங்குலம் என்று இருப்பவன் கேம்பில் வெறுங்காலோடு அளந்தால் ஆறடி ஒன்று இருப்பான். அதனால்தான் ‘சரிபார்க்கப்பட்ட’ அளவு என்ற சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு.

"ஒரே சீசன்ல 40 டச்டவுன் போட்ட பையனுக்கு ரெண்டு ஸ்டார், வருஷம் பூரா அடிபட்டு உக்காந்திருந்தவனுக்கு நாலு ஸ்டார். இது அநியாயம் இல்லையா?"

பரீட்சை மார்க் மாதிரி இதை நினைத்தால் அநியாயம்தான். மார்க் என்பது நீ செய்து முடித்ததற்கு. ஸ்டார், நீ இருபத்தொரு வயதில் என்ன ஆவாய் என்ற கணிப்பு. ஐந்தடி எட்டு அங்குலப் பையன் சின்னப் பள்ளிகளுக்கு எதிராக 40 டச்டவுன் போட்டது முழுக்க உண்மை. அதே வித்தை 300 பவுண்டு ஆட்களிடம், அதுவும் தன்னைப் போலவே வேகமானவர்களிடம் பலிக்குமா என்பதே மதிப்பீட்டாளரின் கேள்வி.

இது அந்தப் பதினேழு வயதுப் பையனுக்கு வலிக்கும், வலிக்கத்தான் செய்யும். ஸ்டார் குறைவாக வந்ததால் அவன் ஆடிய ஆட்டம் பொய்யாகிவிடவில்லை என்று வீட்டில் யாராவது அவனிடம் சொல்லியே ஆக வேண்டும்.

"0.9834னு ஒரு நம்பர் போடுறாங்களே, அது என்ன?"

அது காம்போசிட். ஒரு நிறுவனம் ஒரு பையனை நாட்டில் 20-ஆவது இடத்தில் வைக்கும், இன்னொன்று 150-இல் வைக்கும். இரண்டில் எதை நம்புவது? 247ஸ்போர்ட்ஸ் பெரிய நிறுவனங்களின் மதிப்பீடுகளை எல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சேர்த்து, ஒன்றுக்குள் நான்கு தசம எண்ணாகத் தருகிறது. அதில் 0.98-ஐத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஐந்து ஸ்டார் தொடங்கும், 0.89 வாக்கில் நான்கு ஸ்டார். ஆன்3-உம் இண்டஸ்ட்ரி ரேங்கிங் என்ற பெயரில் இதே யோசனையை எடுத்துக்கொண்டது.

முழு 1.0000 வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 2002-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் போன வின்ஸ் யங் ஒருவர், 2021 வகுப்பின் குவின் யூவர்ஸ் ஒருவர். இருவரும் குவார்ட்டர்பேக், இருவரும் எங்கள் மாநிலத்துப் பையன்கள். யூவர்ஸ் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பலர் சேர்ந்து சொல்வதன் சராசரி ஒருவர் சொல்வதைவிடப் பொதுவாக நம்பகமானது. ஆனால் எல்லோரும் ஒரே கேம்புக்குப் போய், ஒரே வீடியோவைப் பார்த்து, ஒருவர் பட்டியலை இன்னொருவர் படிக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தவறும் சேர்ந்தே வரும்.

"டீம் ரேங்கிங் எப்படிப் போடுறாங்க? 28 பேரை எடுத்த டீம் எப்பவும் மேல வருமே?"

அதைத் தடுக்க வழி வைத்திருக்கிறார்கள். ரைவல்ஸ் நீண்ட காலமாக ஓர் அணியின் முதல் 20 பேரை மட்டும் எண்ணியது. 247 மணி வடிவ வளைவு ஒன்றை வைத்துக் கூட்டுகிறது: அணியின் மிகச் சிறந்த பையனின் மதிப்பு முழுதாகச் சேரும், அடுத்தடுத்து வருபவர்களின் பங்கு குறைந்துகொண்டே போய், இருபதைத் தாண்டியவர்களால் பெரிதாக எதுவும் ஏறாது. இருந்தாலும் 14 பேரை மட்டும் எடுத்த நல்ல வகுப்பு ஒன்று பட்டியலில் கீழே தெரியும். அப்போது மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு, ஒரு ஆளுக்கான சராசரியைப் பாருங்கள்.

"அலபாமா ஆஃபர் குடுத்த மறுவாரமே ஸ்டார் ஏறுது. இது ஏமாத்து வேலைதானே?"

ஆஃபர் என்பது ‘எங்கள் அணிக்கு வா, ஸ்காலர்ஷிப் தருகிறோம்’ என்று கல்லூரி சொல்வது. அது வந்ததும் ஸ்டார் ஏறுவது உண்மை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அலபாமா, ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட் போன்ற பெரிய கல்லூரி அணிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே முழுநேரமும் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். பையனின் பள்ளிக்கே போய்ப் பார்க்கிறார்கள், தங்கள் கேம்பில் வைத்துப் பழக்கிப் பார்க்கிறார்கள். அவர்கள் ஒருவனை விரும்பினால் அது ஒரு தகவல். மதிப்பீட்டாளர் திரும்பிப் போய் அந்த வீடியோவை மறுபடி பார்ப்பது நியாயம்தான்.

வீடியோவைப் பார்க்காமல் ஆஃபரை மட்டும் பார்த்து எண்ணை ஏற்றினால் அது சோம்பல், அதுவும் நடக்கிறது. எங்கோ மேற்கு டெக்சாஸில், விமான நிலையம் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் ஆடும் பையனுக்கு இதனால் இரட்டை நஷ்டம்: கோச் வரவில்லை என்பதால் ஆஃபர் இல்லை, ஆஃபர் இல்லை என்பதால் ஸ்டார் இல்லை. இந்த முறையில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

"எந்த பொசிஷனைக் கணிக்கிறது கஷ்டம்?"

லைன். அஃபென்சிவ் லைன்மேனின் உடம்பு முழுசாக உருவாகவே கல்லூரியில் இரண்டு, மூன்று வருடம் ஆகும். 2013 டிராஃப்ட்டில் முதல் ஆளாகப் போன எரிக் ஃபிஷர் சென்ட்ரல் மிச்சிகன் என்ற நடுத்தரக் கல்லூரியில் ஆடியவர், பள்ளியில் அவரைப் பெரிய கல்லூரிகள் தேடி வரவில்லை. அடுத்த கஷ்டம் குவார்ட்டர்பேக், ஏனென்றால் பாதி விளையாட்டு தலைக்குள் நடக்கிறது. இதற்கென்றே 1999 முதல் எலீட் 11 என்று ஒரு போட்டி கேம்ப் நடக்கிறது. ஓடுபவர்களும், வெளிப்புறத்தில் பந்து பிடிப்பவர்களும் ஓரளவு சீக்கிரமே தெரிந்துவிடுவார்கள். உதைப்பவர்களுக்கு எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஸ்டார் பெரும்பாலும் மூன்றைத் தாண்டுவதில்லை.

"சரி, கடைசியில இந்த ஸ்டார் பலிக்குதா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் முடியாது. கூட்டமாகப் பார்த்தால் பலிக்கிறது, ஒரு பையனை மட்டும் பார்த்தால் பலிப்பதற்கு உத்தரவாதமே கிடையாது.

2025 டிராஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாக டென்னசி டைட்டன்ஸ் எடுத்தது கேம் வார்டை. டெக்சாஸில் வெஸ்ட் கொலம்பியா என்ற சின்ன ஊர்ப் பையன், ஒரு ஸ்டார்கூட இல்லாதவர். அவர் பள்ளி அணி பெரும்பாலும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பழைய பாணி ஆட்டம் ஆடியதால், அவர் எறிந்ததற்குப் பெரிய வீடியோவே இல்லை. சான் அன்டோனியோவின் இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய கல்லூரிக்குப் போய், வாஷிங்டன் ஸ்டேட், மயாமி என்று மாறி அங்கே வந்து நின்றார். அதே டிராஃப்ட்டில், 1.0000 வாங்கிய குவின் யூவர்ஸ் ஏழாவது சுற்றில் 231-ஆவது ஆளாகப் போனார். இந்த ஒரு கதையைச் சொல்லியே ‘ஸ்டார் எல்லாம் சும்மா’ என்று முடித்துவிடுகிறார்கள்.

முடிக்கக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 30 ஐந்து ஸ்டார் பையன்களில் 15 பேர் டிராஃப்ட்டில் போகிறார்கள், 1,500 மூன்று ஸ்டார் பையன்களில் 75 பேர் போகிறார்கள் என்று வையுங்கள். தலை எண்ணினால் மூன்று ஸ்டார் ஆட்கள் ஐந்து மடங்கு. ஆனால் ஐந்து ஸ்டாரில் இரண்டு பேருக்கு ஒருவர், மூன்று ஸ்டாரில் இருபது பேருக்கு ஒருவர். என்.எஃப்.எல். முழுக்க மூன்று ஸ்டார்காரர்கள் நிறைந்திருப்பதும், ஐந்து ஸ்டார்காரனுக்கு வாய்ப்பு மிக அதிகம் என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. 2011-இன் முதலிடம் ஜேடவியன் கிளவுனி 2014 டிராஃப்ட்டில் முதல் ஆள். 2018-இன் முதலிடம் ட்ரெவர் லாரன்ஸ் முதல் வருடமே கிளெம்சனோடு தேசிய சாம்பியன், 2021-இல் முதல் ஆள். 2022-இன் உச்சியில் இருந்த ட்ராவிஸ் ஹன்டர் 2024-இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கி, 2025-இல் இரண்டாவது ஆளாகப் போனார்.

"அப்போ ஜோஷ் ஆலன், மஹோம்ஸ் மாதிரி ஆளுங்களை எப்படிக் கோட்டை விட்டாங்க?"

இருவரும் பின்னாளில் என்.எஃப்.எல்.லில் பெரிய பெயர் வாங்கிய குவார்ட்டர்பேக்குகள். கோட்டை விட்டதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம், அந்தக் காரணங்கள்தான் பாடம். ஜோஷ் ஆலன் கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊர்ப் பையன். பள்ளியில் ஒல்லியாக இருந்தார், உயரமும் எடையும் பிறகுதான் கூடின. மேல் பிரிவுக் கல்லூரி ஒன்றுகூட ஆஃபர் தரவில்லை. ரீட்லி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் ஆடிவிட்டு, நாடு முழுக்கக் கோச்சுகளுக்குத் தானே மின்னஞ்சல் அனுப்பி வயோமிங் போய்ச் சேர்ந்தார். 2018 டிராஃப்ட்டில் ஏழாவது ஆள். பேட்ரிக் மஹோம்ஸ் மூன்று ஸ்டார். பேஸ்பாலிலும் 2014-இல் டிராஃப்ட் ஆகும் அளவுக்கு ஆடியவர், ஃபுட்பால் கேம்ப் சுற்றில் அதிகம் தென்படாதவர்.

ஜே.ஜே. வாட் கதை இன்னொரு வகை. இரண்டு ஸ்டார் டைட் எண்டாக (எதிராளியைத் தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் ஆள்) சென்ட்ரல் மிச்சிகன் போய், ஒரு வருடத்தில் அதை விட்டுவிட்டு, ஸ்காலர்ஷிப் இல்லாமலே விஸ்கான்சினில் சேர்ந்தார். அங்கே எதிரணியின் ஆட்டத்தைத் தடுக்கும் டிஃபென்ஸுக்கு மாற்றினார்கள். என்.எஃப்.எல்.லில் மூன்று முறை ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர். தாமதமான வளர்ச்சி, ஒதுக்குப்புற ஊர், வேறு விளையாட்டு, மாறிய பொசிஷன்: தப்பிப்போனவர்களில் பெரும்பாலோர் இந்த நான்கில் ஒன்றில் அடங்குவார்கள். 2020 மார்ச் முதல் 2021 மே வரை கொரோனாவால் கோச்சுகள் யாரையும் நேரில் போய்ப் பார்க்கக் கூடாது என்று இருந்ததில், அந்த வருடப் பையன்களுக்கு ஐந்தாவதாக ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது.

"ப்ளூ சிப் ரேஷியோன்னா?"

நான்கு, ஐந்து ஸ்டார் பையன்களை ‘ப்ளூ சிப்’ என்பார்கள். இது பட் எலியட் என்ற எழுத்தாளர் பரப்பிய கணக்கு. ஓர் அணி கடைசி நான்கு வகுப்புகளில் பள்ளியிலிருந்து எடுத்தவர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து ஸ்டாராக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்தப் பாதிக் கோட்டைத் தாண்டாத அணி தேசிய சாம்பியன் ஆவதில்லை என்பது அவர் கண்டது. வருடக்கணக்கில் அது நின்றது. 2025 பருவத்தில் இண்டியானா அதை உடைத்தது. அந்தக் கோட்டுக்கு மிகவும் கீழே இருந்த அணி, ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆனது. மற்ற கல்லூரிகளில் ஆடி அனுபவப்பட்டவர்களைச் சரியாகப் பொறுக்கிச் சேர்த்திருந்தார்கள். இனி இந்தக் கணக்கில் அவர்களையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

"டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2022-ல நம்பர் ஒன் கிளாஸ் எடுத்துச்சே, என்ன ஆச்சு?"

அதுவரை யாரும் எடுக்காத அளவுக்கு மதிப்பிடப்பட்ட வகுப்பு அது. அதே வருடம் அணி 5 வெற்றி, 7 தோல்வி. 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கினார்கள், ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கு மேல். வந்த பையன்கள் பதினெட்டு வயதுக்காரர்கள், முதல் வருடமே அணியைத் தூக்கி நிறுத்த மாட்டார்கள். அவர்கள் வளர்ந்து பலன் தருவதற்குள் பலர் வேறு கல்லூரிகளுக்கு மாறிப் போய்விட்டார்கள். அலபாமா 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு வருடம் காம்போசிட்டில் முதலிடம் பிடித்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகுப்பு ஒன்றல்ல, அடுக்கடுக்காக வகுப்புகள் இருந்தபோதுதான் சாம்பியன் பட்டங்கள் வந்தன.

"இப்போதான் யார் வேணாலும் போர்ட்டல்ல மாறலாமே. பள்ளி ரேட்டிங்குக்கு இனி என்ன மதிப்பு?"

குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது. 2021 முதல் ஒரு முறை மாறினால் உடனே ஆடலாம், 2024 முதல் படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. நிறுவனங்கள் மாறுபவர்களுக்கும் தனியாக ஸ்டார் போடுகின்றன. கல்லூரியில் ஆடிய வீடியோ கையில் இருப்பதால் அது பள்ளி ஸ்டாரைவிடத் துல்லியமாக இருக்கும் என்றே நான் நினைக்கிறேன். கேம் வார்டை மயாமி எடுத்தபோது அவருடைய பள்ளி நாட்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆனால் இதன் சுமை பள்ளிப் பையன்கள் தலையில் விழுகிறது. இருபத்திரண்டு வயது அனுபவசாலி கிடைக்கும்போது பதினெட்டு வயது மூன்று ஸ்டாரை வளர்த்தெடுக்கக் கோச்சுக்குப் பொறுமை இல்லை. முன்பு கிடைத்த இடம் இப்போது பலருக்குக் கிடைப்பதில்லை.

"ஆன்3-ல ஒரு பையனுக்கு மில்லியன் டாலர் வேல்யூன்னு போட்டிருக்கே, அவ்வளவு சம்பளமா?"

இல்லை. பெயர், உருவம் வைத்து மாணவர்கள் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலை 1 முதல் அனுமதி வந்தது. அதன்பின் ஆன்3 ஒரு சூத்திரம் வைத்துப் போடும் மதிப்பீடு அது. ஒப்பந்தத் தொகை அல்ல. 2025-இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து ஏறக்குறைய 2.05 கோடி டாலர். பணம் வந்தபின் பையன்கள் முடிவெடுக்கும் விதமே மாறிவிட்டது. யூவர்ஸ் தன் பள்ளிக் கடைசி வருடத்தையே விட்டுவிட்டு ஒஹாயோ ஸ்டேட் போனதற்கு, டெக்சாஸ் பள்ளி விதிகள் அப்படிச் சம்பாதிக்க விடாததே காரணம்.

"ஆன்ட்டி, 3,000 டாலர் கட்டினா பையனை லிஸ்ட்ல கொண்டுவர்றோம்னு ஒருத்தர் கூப்பிட்டார். கட்டலாமா?"

வேண்டாம். ரேட்டிங் போடும் பெரிய நிறுவனங்களுக்கு வருமானம் சந்தாவிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் வருகிறது. உங்கள் பையனை அவர்கள் பட்டியலில் ஏற்றும் அதிகாரம் இப்படிக் கூப்பிடுபவருக்குக் கிடையாது. எங்களுக்கும் ஒருவர் கூப்பிட்டார், அப்போது இதெல்லாம் தெரியாமல் முதல் தவணையைக் கட்டிவிட்டோம். கிடைத்தது, நானே ஒரு மாலையில் வெட்டி ஒட்டியிருக்கக்கூடிய ஒரு ஹைலைட் வீடியோ.

அந்தப் பணத்தில் பையன் நிஜமாகப் போகக்கூடிய மூன்று, நான்கு கல்லூரிகளின் சொந்த கோடை கேம்ப்களுக்குக் கூட்டிப்போங்கள். ஆஃபர் தரும் கோச் அங்கேயே நேரில் நிற்பார்.

"எங்க பையனுக்கு ஒரு ஸ்டாரும் இல்ல, பதினொண்ணாவது முடிக்கப் போறான். இனி என்ன பண்றது?"

முழு ஆட்ட வீடியோ இரண்டும், மூன்று நிமிட ஹைலைட் ஒன்றும், கோச்சுகள் ஆட்ட வீடியோ பார்க்கும் ஹடல் என்ற தளத்தில் ஏற்றுங்கள். முதல் ஐந்து காட்சியில் அவனுடைய சிறந்த ஆட்டம் வர வேண்டும், கோச் அதற்குமேல் பார்ப்பாரா என்பது அதில்தான் இருக்கிறது. சரிபார்க்கப்பட்ட உயரம், எடை, தடகள நேரம் இருந்தால் சேருங்கள். மின்னஞ்சலை அணியின் பொது முகவரிக்கு அனுப்பாமல், அந்தப் பொசிஷன் கோச்சுக்கும் உங்கள் பகுதியைப் பார்க்கும் கோச்சுக்கும் பையனே எழுத வேண்டும். அப்பா அம்மா எழுதக் கூடாது.

மார்க் பட்டியலையும் கூடவே இணையுங்கள். என்.சி.ஏ.ஏ.வின் மேல் பிரிவான டிவிஷன் ஒன்றில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் முடிந்திருக்க வேண்டும், அந்தப் பாடங்களில் நான்குக்குச் சராசரி 2.3 வேண்டும். டிவிஷன் மூன்று கல்லூரிகளும், ஹார்வர்டு, யேல் போன்றவை அடங்கிய ஐவி லீகும் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் தருவதில்லை. ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு, நல்ல மார்க் இருக்கும் பையனைக் கோச்சுகள் அங்கே ஆர்வமாகத் தேடுகிறார்கள். என் மகன் அப்படி ஒரு டிவிஷன் மூன்று கல்லூரியில்தான் இப்போது லெஃப்ட் கார்டாக ஆடுகிறான், இயந்திரப் பொறியியல் படிக்கிறான். அவனைத் தேர்ந்தெடுத்த கோச் எங்கள் வீட்டுக்கு வந்தபோது முதலில் கேட்டது அவனுடைய கால்குலஸ் மார்க்கை.